காலம் காட்டாத சொல்

எச்சரிக்கைப் பலகைக்கான அச்சுப்படியில் பிழைதிருத்துபவள் ஒரே ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வளைத்தாள். ‘இங்கே வெடிக்காத குண்டுகள் உள்ளன.’

அச்சக முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “இதுல என்னம்மா பிழை? ஆபீசர் கையெழுத்தே போட்டுட்டார்.”

“எழுத்துப் பிழை இல்ல சார். ‘வெடிக்காத’ங்கிற இந்தச் சொல்லுக்குக் காலம் கிடையாது.”

வெடித்த, வெடிக்கின்ற, வெடிக்கும் என்று உடன்பாட்டில் முக்காலமும் தனித்தனியே நிற்கும். எதிர்மறையிலோ மூன்றும் ஒரே சொல்லுக்குள் சுருண்டுகொள்ளும். இதுவரை வெடிக்கவில்லை என்று எழுதியவர் நினைத்திருப்பார். இனி வெடிக்காது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இலக்கணம் இருவரையும் தடுக்காது.

அவளுடைய அத்தான் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனபோது, காற்றில் அடித்துக்கொள்ளும் வாசற்கதவுக்குத் துருப்பிடித்த இரும்புருளை ஒன்று முட்டுக்கொடுத்து நின்றது. வயலோரத்தில், பழைய எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்தில் கிடந்ததாம்.

“போர்டுலயே வெடிக்காத குண்டுன்னு போட்டிருக்கான். அப்புறம் உனக்கென்ன பயம், கொழுந்தியா?” என்று சிரித்தார்.

அக்காவையும் அத்தானையும் பின்வாசல் வழியாகத் தெருக்கோடிக்கு இழுத்துப்போன பிறகுதான் அவள் மூச்சுவிட்டாள். குண்டு அகற்றுபவர்கள் வந்து, அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று சொல்லி, மணல்பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள்.

“புதுப் பலகையும் அதே சொல்லோட போகக் கூடாது சார்.”

“எனக்கு இந்த இலக்கணமெல்லாம் வாயில நுழையாது. நீயே பேசு.” முதலாளி எண்ணை அழுத்திப் போனை நீட்டினார்.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். “எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா எழுதுறாங்க.”

“சார், ஒரு வீட்டு கேட்ல ‘கடிக்காத நாய்’னு எழுதியிருந்தா உள்ள போவீங்களா மாட்டீங்களா?”

மறுமுனையில் அதிகாரி காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“‘இன்னும் வெடிக்காத’ன்னு போட்டாப் போதுமா?”

“கீழ ‘தொட்டால் வெடிக்கும்’னும் வேணும் சார்.”

“அவ்வளவுக்கு இடம் இருக்கா?”

“மண்டையோட்டுப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினா இருக்கு.”

“சரி, மேல கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் அச்சு ஓட்ட வேண்டாம்.”

முதலாளி அச்சுப்படிக்குக் கைநீட்டினார். அவள் அதை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்று கேலி இல்லை. வாசற்படியில் வட்டமாக ஒரு துருக்கறை. கதவு காற்றில் அடித்தது, தானே திறந்தது, மறுபடி அடித்தது. முட்டுக்கொடுக்க எதையாவது எடுத்துவர யாரும் எழுந்திருக்கவில்லை.