பாஸ்போர்ட் வயசு

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த குடும்பம் குளிக்கப் போய் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஆவுடைநாயகம் வண்டியின் நடு சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுண்டி இழுக்கும் நரம்பு, அப்படிப் படுத்தால் மட்டும் கொஞ்சம் சும்மா இருக்கும்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வண்டியின் சொந்தக்காரன் பேச்சிராஜ், சாரலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, சவாரி நேரத்துல இப்படிப் படுத்துக் கெடந்தா பாக்குதவன் என்ன நெனைப்பான்? டிரைவரே சீக்காளின்னு வண்டில ஏற மாட்டான்."

"இந்த மாசந்தாம்லே. பென்ஷன் வந்துட்டுன்னா சாவிய ஒங் கையில குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீய."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. போன மாதமும் இதைத்தான் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வருஷம் வளைகுடாவில் டாக்சி ஓட்டியவருக்கு, இனி ஸ்டியரிங்கைத் தொடாமல் இலத்தூர் வீட்டில் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. அறுபது முடிந்துவிட்டது என்று ஜூன் மாதம் கம்பெனியில் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பணம் வீட்டுக் கடனோடு போயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பென்ஷன் பாலிசி. பத்தொன்பது வருஷமாக ஒரு தவணை தவறாமல் அங்கிருந்தே கட்டியது. அறுபது முடிந்தால் மாதாமாதம் வரும்.

வில்லங்கம் எங்கே என்றால், அவருக்கு உண்மையில் அறுபது ஆகவில்லை.

தொண்ணூறில் விசாவுக்கு அலைந்தபோது அவருக்கு இருபது வயது. டாக்சி வேலைக்கு இருபத்தைந்து ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். "அஞ்சக் கூட்டிப் போட்டா கொறைஞ்சா போயிருவ?" என்று ஏஜென்ட் கேட்டான். தேதியும் மாதமும் அப்படியே இருக்க, வருஷம் மட்டும் எழுபதிலிருந்து அறுபத்தைந்துக்கு இறங்கிற்று. இவர் ஒருவர் என்றில்லை. வளைகுடாவில் எட்டுப் பேர் படுத்த அறையில் ஐந்து பேருக்கு இரண்டு வயது இருந்தது. யாருக்காவது பிறந்தநாள் வந்தால், "ஊர் வயசுக்கா, பாஸ்போர்ட் வயசுக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். லீவில் வந்தபோது மைத்துனன் கோமதிசங்கர் பாலிசி போட்டுக் கொடுத்தான். வயதுக்கு என்ன கொடுக்க என்றதற்கு, "பாஸ்போர்ட் போதும் அத்தான்" என்றான். ஆதார் எடுக்கும்போது மட்டும் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கொடுத்தார். சொந்த ஊரிலாவது உண்மையான வயது இருக்கட்டுமே என்று நினைத்தார். அந்த நினைப்புதான் இப்போது காலை வாரிவிட்டது.

தென்காசியில் இன்சூரன்ஸ் ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது. டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அவர் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் சத்யபிரியா என்ற இளம்பெண். அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"சார், பாலிசில பொறந்த வருஷம் அறுபத்தஞ்சு. ஆதார்ல எழுபது. எது சரி?"

ஆதாரை விட்டால், முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக ஓர் ஆபீசில் உண்மையைச் சொன்னார். "எழுவதுதாம்மா."

"அப்ப ஒங்களுக்கு அம்பத்தஞ்சுதான் சார் ஆகுது. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு."

"அறுவது ஆயிட்டுன்னுதானம்மா கம்பெனில வீட்டுக்கு அனுப்பிட்டான்?"

"அது அந்த ஊர் கம்பெனி சார். எங்களுக்கு ஆதார்தான்."

"சரிம்மா. அப்ப பத்தொம்பது வருஷமா அஞ்சு வயசு கூட வச்சுல்லா பிரீமியம் வாங்கியிருக்கீய? வயசு கூடுனா பிரீமியமும் கூடும்னு என் மச்சினன் சொன்னான். அந்தக் கூடுதலையாவது திருப்பித் தாங்க."

அந்தப் பெண் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அது நீங்களா எழுதிக் குடுத்த வயசாம் சார். அதத் திருப்பித் தர ரூல் இல்லியாம்."

அவர்கள் பணத்தை வாங்கும்போது அவருக்கு அறுபது. கொடுக்கும்போது ஐம்பத்தைந்து. ஆவுடைநாயகத்துக்குக் கத்திவிடலாம் போல இருந்தது. பொய் வயதைக் கொடுத்தவன் எந்த முகத்தோடு கத்துவது என்று பாலிசிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆதாரைத் திருத்திவிடலாம் என்று கோமதிசங்கர் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போனான். பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்தலாமாம். முன்பு வெறும் வருஷம் மட்டும் இருந்த ஆதாரில் தேதியும் மாதமும் சேர்த்ததிலேயே அந்த ஒரு தடவை முடிந்திருந்தது. கோமதிசங்கர் கையை விரித்துவிட்டான். கடைசியில் சத்யபிரியாதான் போனில் ஒரு வழி சொன்னாள். "பெரியாஸ்பத்திரில வயசுச் சான்று ஒண்ணு வாங்கிட்டு வாங்க சார். ஹெட் ஆபீசுக்கு அனுப்பிப் பாக்கேன்."

அன்றைக்கே மனைவி அகிலாண்டேஸ்வரி டை பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்தாள்.

"டாக்டர்ட்ட போய்ட்டு வார வரைக்கும் அடிக்காதீய. நரைச்ச தலையோட போனாத்தான் அறுவதுன்னு எழுதுவாவ."

"இந்தத் தலையோட வண்டி ஓட்டுனா பேச்சிராஜ் வைவானே."

"வைஞ்சா வையட்டும். அந்த மலை ரோட்டுல இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நீங்க வண்டிய ஓட்டிட்டு வீடு வந்து சேருத வரைக்கும் எனக்குத்தான் உசுரு போய்ட்டு வருது."

ஆஸ்பத்திரியில் இடுப்பு, முதுகு, முழங்கால் என்று படம் எடுத்தார்கள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன வேலை பாத்தீங்க?"

"டாக்சி சார், வெளிநாட்டுல. தெனம் பன்னெண்டு மணி நேரம். ஓட்டம் கொறைஞ்சா பதினாலு."

"இடையில எறங்கி நடக்கிறது, ஒண்ணுக்குப் போறது?"

"கண்ட எடத்துல நிறுத்துனா அபராதம்லா. அடக்கிக்கிடுவோம்."

டாக்டர் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். "அறுபத்தஞ்சுல இருந்து எழுபதுக்குள்ள. இந்த வயசுக்கு மேல எலும்ப வச்சு இதவிடத் திட்டமாச் சொல்ல முடியாது."

ஆவுடைநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அறுபது கேட்டு வந்தவருக்கு அதற்கும் மேலேயே கிடைத்துவிட்டதே! கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அகிலாண்டேஸ்வரி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. கையில் வாங்கிய சான்றிதழையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுவதா? எங்கப்பா சாவும்போது எழுவது."

"அது கெடக்கட்டும், காரியம் ஆவுதுல்லா?"

"அஞ்சு வயசு கூட்டிப் போட்டு இங்கருந்து அனுப்புனாவ. அங்க பத்துப் பதினஞ்சாக் கூட்டித் திருப்பி அனுப்பியிருக்கான்" என்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சான்றிதழைக் கொடுத்து மூன்று வாரம் கழித்து ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். செங்கோட்டையில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு அப்படியே வந்தார். மாடிப்படி ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சத்யபிரியா ஹெட் ஆபீஸ் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"டாக்டர் சர்டிபிகேட்ல உள்ள வயசு பாஸ்போர்ட்டோடயும் சேரல, ஆதாரோடயும் சேரலன்னு தள்ளிட்டாங்க சார். ஆதார் பிரகாரம் ஒங்களுக்கு அம்பத்தஞ்சு. ரெண்டாயிரத்து முப்பது ஜூன்ல வாங்க."

அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார். வலது கால் மரத்துப்போய் வரமாட்டேன் என்றது. மேஜை விளிம்பைப் பிடித்து இரண்டு தடவை முயன்றும் நாற்காலியிலேயே விழுந்தார். சத்யபிரியா பதறிப்போய் எழுந்து வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

"வாட்ச்மேன் அண்ணாச்சி, இந்தத் தாத்தாவக் கொஞ்சம் கையப் பிடிச்சுக் கீழ எறக்கி விடுங்க!"

வாட்ச்மேன் அச்சன்புதூர்க்காரர், ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். நிமிர்ந்த முதுகு. அவர் ஆவுடைநாயகத்தின் முழங்கைக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டி வந்தார்.

"மெதுவா வாங்கய்யா. இந்த வயசுல தனியாவா வந்தீய? வீட்டுல ஆள் இல்லியா?"

கீழே சாரலில் வண்டி நனைந்துகொண்டிருந்தது. சட்டைப்பைக்குள் போன் அடித்தது. பேச்சிராஜ்தான். பழைய குற்றாலத்தில் சவாரி காத்துக்கிடக்கும். வாட்ச்மேன் ஓடிப்போய் வண்டியின் பின் கதவைத் திறந்து, சீட்டைத் தன் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டார்.

"உக்காருங்க ஐயா. சாரல் அடிக்கி. டிரைவர் எங்கன போயிட்டான்?"

ஆவுடைநாயகம் பானெட்டைப் பிடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, வெளியே கிடந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு சாவியைத் திருகினார். வாட்ச்மேன், திறந்த பின் கதவைப் பிடித்தபடியே நின்றார்.