மாமியார் பேரில் ஒரு அழுத்தமானி

வெடிச் சோதனைக் கூடத்தில் மருமகளுக்கு அழுத்தமானி செய்யும் வேலை. அது அனுப்பும் அளவைப் பதிவு செய்வது நாத்தனாரின் வேலை. ஒரே வீடு, ஒரே பஸ்.

அழுத்தமானி கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். உள்ளே ஒரு படிகத் துண்டு. நெருக்கினால் துளி மின்சாரம் தரும். இரும்பு அறைக்குள் மருந்து வெடிக்கும் கண நேரத்தில், தான் பட்ட பாட்டைக் கம்பி வழியே சொல்லிவிட்டுப் பல சமயம் அங்கேயே உயிரை விட்டுவிடும். முதலில் அவற்றுக்கு எண்தான் எழுதினார்கள். ஆறைத் தலைகீழாகப் பார்த்து ஒன்பது என்று பதிந்ததில் ஒரு மாத உழைப்பு பாழானது. அதிலிருந்து மருமகள் பேர் எழுத ஆரம்பித்தாள். வீட்டில் ஆளுக்கா பஞ்சம்?

குடும்பத்தார் பார்வையிட வந்த நாளில் மாமியாருக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் நாத்தனாரும் மருமகளும். "அவங்க பேசுறது உங்களுக்கும் கேட்கட்டும்மா" என்று தலைமைப் பொறியாளர் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்தவர்களிடம் அதைச் சொல்ல மறந்துபோனார்.

"அண்ணி, தூங்குமூஞ்சிய எங்க மாட்டுனீங்க?"

"உன் அண்ணனையா? கடைசியில. ஊருக்கெல்லாம் கேட்டப்புறம்தான அவருக்குக் கேட்கும்!"

"அம்மாவ?"

"அத்தைய மருந்துக்குப் பக்கத்துலயே வெச்சுட்டேன். அவங்கதான் தாங்குவாங்க."

கூட்டத்தில் சிரிப்பு பரவியது. பொறியாளர் பதறிப்போய் ஸ்விட்சைத் தேடினார். மாமியார் அவர் கையைப் பிடித்து, "இருக்கட்டும் தம்பி, இப்பதான் சுவாரசியமா போகுது" என்றார்.

தரை ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

"அம்மா எகிறிட்டாங்க அண்ணி! இவ்வளவு உசரம் யாருமே போனதில்ல!"

"உயிரோட இருக்காங்களா?"

"கல்லு மாதிரி இருக்காங்க. அண்ணன்கிட்டேருந்துதான் பேச்சே இல்ல. கம்பி கழண்டுடுச்சோ?"

"வீட்லயும் அப்படித்தான்."

வெளியே வந்தவர்களைக் கைதட்டல் வரவேற்றது. எதற்கென்று புரிந்ததும் நாத்தனார் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள்.

"நான் எவ்வளவு?" என்றார் மாமியார்.

"என்ன அத்தை?"

"அழுத்தம்டி. எவ்வளவு வந்துச்சு?"

"உள்ளங்கை அகலத்துல ஒரு லாரி ஏறி நின்ன மாதிரி, அத்தை."

"அப்பவும் நான் உடையல?"

"உடையல."

மாமியார் பக்கத்து நாற்காலிக்காரர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, உங்கம்மா பேர்ல ஏன் ஒண்ணுமே வைக்கல?"

மருமகள் பின்னால் ஒண்டியிருந்த நாத்தனாரை முன்னால் இழுத்துவிட்டாள். மாமியார் விடவில்லை.

"பெத்தவள மட்டும் பத்திரமா பெட்டியில வெச்சுப்பியோ? அடுத்த தடவ எனக்குப் பக்கத்துலயே மாட்டு. யாரு தாங்குறாங்கன்னு பார்த்துடலாம்."

பொறியாளர் சிரிப்பை இருமலாக மாற்றப் பெரும்பாடு பட்டார்.

மாமியாருக்கு வீடு போய்ச் சேரும்வரை பொறுமை இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததுமே சம்பந்தியம்மாவுக்கு ஃபோன் போட்டார்.

"விசேஷமா ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் உங்கள வெடிக்க வைக்கப் போறாங்களாம். ஒரு வார்த்தை சொல்லிடலாமேன்னுதான் கூப்பிட்டேன்."

மருமகள் ஃபோனைப் பிடுங்கப் பாய்ந்தாள். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்க வாயைப் பொத்திக்கொண்டாள்.