காலியாக விட்ட கட்டம்

நீலாவதிக்கு நாத்தனார் மேல் பொறாமை என்று யாராவது வாயெடுத்தால் போதும், அவள் சண்டைக்கு வந்துவிடுவாள். "எனக்கு எதுக்குப் பொறாம? அவ டீச்சரு, நான் பீங்கான் கம்பெனியில பொம்ம சுரண்டறவ. ஏணி வச்சாலும் எட்டாது" என்பாள். சொல்லும்போதே குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். பொறாமை இல்லாதவர்கள் இவ்வளவு சத்தம் போடுவதில்லை.

நாத்தனார் விருத்தாம்பாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை, நல்ல நிறம், இரண்டு பையன்கள். பெண் குழந்தை இல்லாத குறையை அண்ணன் மகள் பூர்ணிமாவை வைத்துத் தீர்த்துக்கொண்டாள். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பூர்ணிமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். ஒரு மாதம் கழித்து விருத்தாசலத்துக்குத் திரும்பி வரும்போது 'வூடு' வீடாகியிருக்கும், நேர் வகிடு கோணல் வகிடாகியிருக்கும். "அத்த சாம்பாருல துளி வெல்லம் போடுவாங்கம்மா" என்று ஆரம்பிப்பாள். நீலாவதி அன்றைக்கு வெல்லம் போட மாட்டாள். நாலு நாள் கழித்து யாரும் பார்க்காதபோது ஒரு துண்டு போடுவாள். பூர்ணிமா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள். அதற்கும் நீலாவதிக்கு வயிறு எரியும்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டினால் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். திருட்டு, பாகப்பிரிவினை, ஓடிப்போன புருஷன் என்று ஊரே அங்கே பிராது கட்டியிருக்கிறது. நீலாவதிக்கும் ஒருமுறை கட்டலாமா என்று தோன்றியது உண்டு. ஆனால் என்னவென்று எழுதுவது? என் மகளுக்கு என்னைவிட அவள் அத்தையைப் பிடித்திருக்கிறது என்றா? சாமியே சிரித்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

2006-ஆம் வருஷம் பூர்ணிமாவுக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, கல்லூரி கடலூரைத் தாண்டி ஐந்தாவது கிலோமீட்டரில் இருந்தது. நீலாவதியின் புருஷன் கொளஞ்சியப்பன் அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டான். அவன் அதே பீங்கான் கம்பெனிகளுக்கு லோடு ஓட்டுகிறவன். "நம்ம விருத்தா வூடு இருக்குது. நாலு வருஷமும் அங்கியே இருந்து படிக்கட்டும். வேற என்னா யோசன?"

நீலாவதிக்கு யோசனை இருந்தது. ஒரு மாத லீவில் வகிட்டைத் திருப்பியவள், நாலு வருஷத்தில் பிள்ளையையே திருப்பிவிடுவாள். அப்புறம் இந்த வீட்டுக்குப் பூர்ணிமா விருந்தாளியாகத்தான் வருவாள். அதை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

மூன்றாம் நாள் கல்லூரியிலிருந்து கவர் வந்தது. அதில் தமிழிலும் ஒரு தாள் இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெதையும் முழுதாகப் படித்தறியாத நீலாவதி, அன்றைக்கு அந்தத் தாளை எழுத்து விடாமல் உரக்கப் படித்தாள். "முதலாமாண்டு மாணவியர் அனைவரும் கல்லூரி விடுதியில் கட்டாயம் தங்க வேண்டும்." படித்துவிட்டு ரொம்ப வருத்தப்படுகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். "கட்டாயம்னு போட்டிருக்கிறாங்க. நாம என்னா பண்ண முடியும்?"

"அதுக்குக் கீழ படிம்மா" என்றாள் பூர்ணிமா. "ரத்த சொந்தம் யாராவது பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள இருந்தா அவங்க வூட்டுல தங்கலாம். அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்."

கொளஞ்சியப்பன் உடனே கையெழுத்துப் போட்டான். பேனா நீலாவதி கைக்கு வந்தது. அவள் அதை மூடி டிவி மேல் வைத்தாள்.

"நான் போட மாட்டேன்."

"ஏம்மா?"

"எல்லாப் புள்ளைங்களும் ஹாஸ்டல்ல இருக்கும்போது நீ மட்டும் எதுக்குத் தனியா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அவங்களே விலக்கு குடுத்திருக்கிறாங்கம்மா!"

"நான் குடுக்கல" என்றாள் நீலாவதி.

பூர்ணிமா அழுதாள், ஒருவேளை சாப்பிடாமல் படுத்தாள். கொளஞ்சியப்பன் கத்திப் பார்த்தான். நீலாவதி அசையவில்லை. கடைசியில் அவன் செல்போனில் தங்கையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, நியாயம் கேட்டான். விருத்தாம்பாள், "அண்ணி சொல்றதும் சரிதாண்ணா. மொத வருஷம் பிள்ளைங்களோட இருந்தாத்தான் பழக்கம் வரும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் போயி வீட்டுக்குக் கூட்டியாந்துக்கறேன்" என்றாள்.

சண்டை போட்டிருந்தால் நீலாவதிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படி விட்டுக்கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிறாளே என்று எரிந்தது. அதிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை! வாரத்தில் ஆறு நாளைத் தடுத்தும் ஏழாவது நாள் அவள் கைக்குப் போய்விட்டது.

ஹாஸ்டலுக்கு விசிட்டர் கார்டு என்று ஒன்று இருந்தது. மஞ்சள் அட்டையில் மூன்று கட்டம். அப்பா, அம்மா, உள்ளூர் கார்டியன். மூன்று கட்டத்திலும் போட்டோ ஒட்ட வேண்டும். அந்த மூன்று முகங்களைத் தவிர வேறு யார் வந்தாலும் பிள்ளையைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். விருத்தாம்பாள் தன் போட்டோவைத் தபாலில் அனுப்பிவிட்டாள். அதில் சிரித்த முகமாக, செவேலென்று இருந்தாள்.

அந்தப் போட்டோ பக்கத்தில் தன் முகமும் ஒட்டப்படும் என்பதை நினைத்து நீலாவதிக்குத் தூக்கம் கெட்டது. கடைவீதி ஸ்டுடியோவுக்குப் போனாள். விருத்தாம்பாள் போன பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த, அதுவரை கட்டவே கட்டாத பட்டுப்புடவையை வேண்டுமென்றே கட்டிக்கொண்டாள். அங்கிருந்த கண்ணாடியைப் பார்த்து என்ன நினைத்தாளோ, வகிட்டைக் கோணலாக எடுத்தாள். "கொஞ்சம் நெறமா வரட்டும் தம்பி" என்று ஸ்டுடியோக்காரனிடம் மெல்லச் சொன்னாள். அவன் கம்ப்யூட்டரில் வஞ்சனையில்லாமல் வெள்ளையடித்தான். கன்னத்து மச்சத்தையும் எடுத்துவிட்டான்.

கொளஞ்சியப்பன் அந்தப் போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு, நம்ம விருத்தாவா?" என்றான். நீலாவதி பிடுங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் அவனோடு பேச்சு இல்லை.

சேர்க்கிற அன்றைக்கு அவன் சேலத்துக்கு லோடு போயிருந்தான். விருத்தாம்பாளுக்குப் பள்ளிக்கூடம். அம்மாவும் மகளும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். பூர்ணிமா ரூம் சாவிக்கு வரிசையில் நிற்க, கார்டு நீலாவதி கையில் இருந்தது. இரண்டு கட்டத்தில் ஒட்டினாள். மூன்றாவது போட்டோவை எடுத்தாள், பார்த்தாள், பர்ஸுக்குள் திரும்ப வைத்தாள். எல்லாம் பசை காய்வதற்குள் முடிந்துவிட்டது.

"கார்டியன் யாரும் இல்லியாம்மா?" என்று ஆபீசில் இருந்த அம்மாள் கேட்டாள்.

"உள்ளூர்ல எங்களுக்கு யாரும் இல்லீங்க" என்றாள் நீலாவதி.

அந்த அம்மாள் காலிக் கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, மேலே சீல் குத்தினாள். நீலாவதிக்கு அந்தச் சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு வேறு கிடைத்தது.

முதல் மாதம் புதுப் பிள்ளைகளைப் பார்க்க யாரையுமே விடுவதில்லை என்பதால் விஷயம் வெளியே வரவில்லை. ஐந்தாவது வாரம், புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, கம்பெனி மேனேஜர் பாலகிருஷ்ணன் ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிட்டார். "நீலாவதி, ஒனக்குப் போனு. கடலூர்லேர்ந்து."

அவள் அப்போது அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பிள்ளையார் பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை, புருவம், ரவிக்கை எல்லாம் வெள்ளைத் தூள். அப்படியே ஓடினாள்.

"அண்ணி, பதறாதீங்க. பாப்பாவுக்கு ஜொரம், நூத்தி மூணு. ஆஸ்பத்திரிக்கு அழச்சிக்கிட்டுப் போலாம்னு வந்தேன். கார்டுல என் பேரு விட்டுப்போச்சாம், அனுப்ப மாட்டேங்கறாங்க. அண்ணன் போனு கெடைக்கல. நீங்க கெளம்பி வாங்க. நான் கேட்டுலதான் நிக்கறேன்."

விட்டுப்போச்சாம்! நீலாவதி புடவையை உதறிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினாள். நெய்வேலி வரைக்கும் பயம்தான் இருந்தது. எந்தச் சாமியையும் விடாமல் கும்பிட்டாள். வடலூர் தாண்டியதும் வேறொன்று உள்ளே நுழைந்தது. காய்ச்சல் வந்ததும் பிள்ளை ஹாஸ்டல் ஒரு ரூபாய் போனிலிருந்து யாரைக் கூப்பிட்டிருக்கிறது? அத்தையை. அத்தை வீட்டு நம்பர் மனப்பாடம். அம்மாவுக்கு நம்பரே கிடையாது. பெற்ற பிள்ளை நூற்று மூன்றில் கிடக்கும்போது இப்படி நினைக்கிறோமே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. வந்தும் அந்த நினைப்பு இறங்கவில்லை. குறிஞ்சிப்பாடி, கடலூர் தாண்டியும் அவளோடேயே வந்தது.

கல்லூரி வாசலில் இறங்கும்போது மணி ஒன்றரை. நிழல் என்று பேருக்கும் இல்லாத அந்த கேட்டு ஓரத்தில் விருத்தாம்பாள் நின்றிருந்தாள். முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தாள். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. கையில் பிளாஸ்க்.

"வந்துட்டீங்களா அண்ணி. இப்ப கொறஞ்சிருக்குதாம், நூத்தி ஒண்ணு. வாட்ச்மேன் கிட்ட மாத்திரையும் கஞ்சியும் குடுத்து அனுப்பினேன். நர்சம்மா பக்கத்துலயே இருக்காங்களாம். போங்க, கையெழுத்துப் போட்டு அழச்சிக்கிட்டு வாங்க."

வாட்ச்மேன் ராஜாங்கம் மஞ்சள் அட்டையை எடுத்து, அதையும் நீலாவதியையும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் நெற்றி சுருங்கியது.

"இது நீங்க இல்லியேம்மா."

"நான்தாங்க. நான்தான் பெத்தவ."

"போட்டோவப் பாருங்க. இதுல இருக்கறது அவங்க." அவர் விருத்தாம்பாளைக் காட்டினார். "காலைல ஒம்போது மணிக்கே நான் சொன்னேன். கார்டுல அம்மான்னு ஒங்க போட்டோ இருக்குது, கையெழுத்துப் போட்டுட்டுப் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னேன். பேனாவக்கூட எடுத்துக் குடுத்தேன். நான் அம்மா இல்ல, அத்தைன்னு சொல்லிட்டாங்க. அம்மா வருவாங்க, அவங்கதான் போடணும்னு அதோ அங்கியே நிக்கறாங்க. நாலரை மணி நேரமா நிக்கறாங்க."

நீலாவதி திரும்பிப் பார்த்தாள். விருத்தாம்பாள் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் விருத்தா? போட்டிருக்க வேண்டியதுதானே?"

"போடறதுக்குக் கை போச்சு அண்ணி. பேனாவ வாங்கிட்டேன்." விருத்தாம்பாள் லாரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்புறம் நீங்க வந்து நிப்பீங்க. அம்மா காலைலயே வந்துட்டாங்களேன்னு இவரு ஒங்களக் கேப்பாரு. அந்த வார்த்தைய நீங்க கேக்க வேணாம்னுதான்."

உள்ளே தகவல் போய், வார்டன் அம்மா பூர்ணிமாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பிள்ளை இளைத்திருந்தது, உதடெல்லாம் வெடித்திருந்தது.

"இதுல யாரும்மா ஒங்கம்மா?" என்று வார்டன் கேட்டாள்.

பூர்ணிமாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நேரே வந்து நீலாவதியின் வெள்ளைத்தூள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றாள். உடம்பு கொதித்தது. பத்து வருஷமாக எதற்காக அடித்துக்கொண்டாளோ அது தானாக வந்து தோளில் சாய்ந்திருந்தது. ஆனால் அதை அனுபவிக்க நீலாவதிக்கு அப்போது கொடுத்துவைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டாள். பிறகு பர்ஸைத் திறந்து, ஐந்து வாரமாக உள்ளே கிடந்த போட்டோவை எடுத்து வார்டனிடம் நீட்டினாள். "மூணாவது கட்டத்துல இத ஒட்டிக்கங்கம்மா. புள்ளைக்கு அத்த. உள்ளூர்தான்."

விருத்தாம்பாள் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். தான் அனுப்பிய போட்டோ. விட்டுப்போகவில்லை, எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீலாவதி அழுதாவது தீர்த்திருப்பாள், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியாவது தீர்த்திருப்பாள். விருத்தாம்பாள் கேட்கவில்லை. ரோட்டுக்குப் போய் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

ஆட்டோவில் பூர்ணிமா அம்மா மடியில் தலையும் அத்தை மடியில் காலுமாகப் படுத்திருந்தாள். விருத்தாம்பாள் பிள்ளையின் பாதத்தை மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தாள். நீலாவதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் நாத்தனாரின் நிறத்துக்கும், வேலைக்கும், சாம்பாருக்கும் வயிறெரிந்தவளுக்கு அதெல்லாம் இப்போது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. பேனாவை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்த அந்தக் கையைப் பார்க்கத்தான் இப்போது எரிந்தது. அவள் இடத்தில் தான் நின்றிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்போம் என்பது நீலாவதிக்கு நன்றாகத் தெரியும்.