பன்னிரண்டு விநாடி மஞ்சள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். நான்காவது ஷாட்டில் இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் படுத்துக் கிடந்தது. ஒன்பதாவது ஷாட்டில் மேசை ஓரத்தில் நிமிர்ந்து நின்றது. இடையில் யாரும் அந்த அறைக்குள் போகவில்லை.

இரண்டு ஷாட்டையும் முன்னும் பின்னுமாக ஏழெட்டுத் தடவை ஓட்டினாள். பெட்டி படுத்தது, எழுந்தது, படுத்தது, எழுந்தது.

மூன்று பேர் கொண்ட குழு அது. இயக்குபவன் கேப்டன். கேமரா பிடிப்பவனுக்குத் தரைமட்டம் என்று பெயர். எந்தக் காட்சியானாலும் தரையில் படுத்துக்கொண்டுதான் எடுப்பான். கையில் எந்நேரமும் நோட்டுப் புத்தகத்தோடு திரிவதால் அவள் நோட்டு. வேதியியல் படித்துவிட்டுத் திரைப்படக் கல்லூரிக்கு வந்தவள். வாயைத் திறப்பதைவிடப் பேனாவைத் திறப்பது அவளுக்குச் சுலபம். ஷாட்டுக்கு ஷாட் திறந்த கதவு திறந்தபடியும் போட்ட பட்டன் போட்டபடியும் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. குழுவில் அவளுக்கென்று இருந்த ஒரே பொறுப்பு. அதில்தான் கோட்டை விட்டிருந்தாள்.

எடுக்க வேண்டியது ஒரு த்ரில்லரின் முதல் இரண்டு நிமிடம் மட்டும். வகுப்பெடுக்கும் மேடம் விதியை முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ரெண்டு நிமிஷத்துல நிறுத்திடுவேன், விளக்கைப் போடுவேன். வகுப்புல ஒருத்தராவது கதையைப் பத்திக் கேள்வி கேட்கணும். கேட்டா அந்தக் குழு முழுப் படமும் எடுக்கலாம். கேட்கலைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்தவன் படத்தைப் பார்த்து லேசில் கேள்வி கேட்டுவிடுகிற வகுப்பு இல்லை அது. போன வருடம் கேப்டன் எடுத்த காட்சி முடிந்ததும் அறையே அமைதியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் மட்டும், "அந்தக் கொலைகாரன் பனியன் எந்தக் கடையில வாங்கினது?" என்று கேட்டான். அது கதையைப் பற்றிய கேள்வி இல்லை என்று மேடம் சொல்லிவிட்டார். கேப்டன் ஒரு வருடம் காத்திருந்து மறுபடி முதல் படியில் நின்றான். இந்தத் தடவையும் போனால் வீட்டில் அப்பா தன் கடையில் உட்கார வைத்துவிடுவார் என்று அவனே சொல்லியிருந்தான்.

அதனால் அவர்கள் சும்மா இறங்கவில்லை. மூன்று வாரம் ஊர்ப்பட்ட படங்களின் தொடக்கங்களைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தார்கள். பத்து விநாடிக்கு ஒரு தடவை நிறுத்தி அவள் நோட்டில் மூன்று பத்தியாக எழுதினாள்: பார்ப்பவருக்குத் தெரிந்தது, கதாபாத்திரத்துக்குத் தெரிந்தது, இருவரில் ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தது. நல்ல தொடக்கம் எல்லாவற்றிலும் மூன்றாவது பத்தியில் ஏதாவது இருந்தது. தங்கள் காட்சியை அப்படி எழுதியபோது மூன்றாவது பத்தி காலியாகக் கிடந்தது. சொல்லலாமா என்று யோசித்தாள். அதற்குள் கேப்டன், "ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தன் வாசல்ல நின்னா போதும், பயம் தானா வரும்" என்று முடித்துவிட்டான். அவள் நோட்டை மூடிவிட்டாள்.

கதை இதுதான். வீட்டில் தனியாக இருக்கும் ஒருத்தி சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். அழைப்பு மணி அடிக்கிறது. போய்க் கதவுத் துளை வழியாகப் பார்க்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் நிற்கிறான். அவள் திறக்கவில்லை. அவன் போகவுமில்லை. அவள் அறைக்குத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டனின் சித்தப்பாவுடைய காலி வீட்டில் எடுத்தார்கள். திங்கட்கிழமை புதுக் குடித்தனம் வந்துவிடும். நடித்தது தரைமட்டத்தின் அக்கா; மருத்துவமனையில் நர்ஸ். ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் என்று ஒன்பதாவது ஷாட்டை முதலில் எடுத்தார்கள். அதில் பெட்டி நிமிர்ந்து நின்றது. நான்காவது ஷாட்டுக்கு மணி அடிக்க ஆள் இல்லை. "நோட்டு, நீ போய் அடி" என்றான் கேப்டன். அவள் வெளியே போய் அடித்தாள். உள்ளே அக்கா நிஜமாகவே திடுக்கிட்டு, கையிலிருந்த பெட்டியை அப்படியே சட்டைமேல் போட்டுவிட்டுப் போனாள். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. அதனால் சட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் உறைக்கவும் இல்லை. பார்க்க வேண்டியவள் மணியில் விரலை வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை திரையிடல். வீடு கைவிட்டுப் போயாயிற்று. பெட்டி கீழே படுப்பதற்கு முன்பே நான்காவது ஷாட்டை வெட்டிப் பார்த்தாள். அக்காவின் திடுக்கிடலும் சேர்ந்து போய்விட்டது. இருந்த ஒரே உயிரான இடம் அது. வெட்டியதைத் திரும்ப ஒட்டினாள். கேப்டனிடமிருந்து "எப்படி வந்திருக்கு?" என்று கைபேசியில் செய்தி வந்தது. "நல்லா வந்திருக்கு" என்று பதில் போட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் மடிக்கணினியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டிப் பார்ப்போம், அவர் கண்டுபிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்பது கணக்கு. வீட்டில் இருந்தது அம்மா மட்டும்தான். அம்மா ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாக இஸ்திரி போடுகிறாள்.

வேலையிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் கணினியை வைத்தாள்.

"என்னடி இது, பேய்ப் படமா?"

"இல்லம்மா. பாரு."

அம்மா பார்த்தாள். தொலைக்காட்சியாக இருந்தாலும் கணினியாக இருந்தாலும் அம்மாவால் சும்மா பார்க்க முடியாது. உள்ளே இருப்பவர்களோடு பேசுவாள்.

"காலரைக் கடைசியில போடறா பாரு. யாரு இவளுக்குச் சொல்லிக் குடுத்தது... மணி அடிக்குது, போம்மா... அடிப் பாவி! பெட்டியைப் படுக்கப் போட்டுட்டுப் போறாளே!"

ஹெல்மெட் வந்தது. அம்மா அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அவன் கிடக்கறான். உள்ள சட்டை போச்சு. திரும்பிப் போடி. இந்நேரம் புகை வந்திருக்கும்... போறா, போறா..."

அப்புறம் அம்மா பேசவில்லை. படம் முடிந்தது. நோட்டு தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"யாரு?" என்றாள் அம்மா.

"யாரு யாரு?"

"உள்ள இருக்கறவன். பெட்டியை எடுத்து நிமித்தி வெச்சிருக்கானே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ என்னமோ வாசல்ல நிக்கறவனையே பார்த்துக்கிட்டிருக்கா. வீட்டுக்குள்ள ஆள் இருக்குன்னு அவளுக்குத் தெரியல." அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா சட்டையைக் காட்டலையே. எவ்வளவு கருகியிருக்குன்னு பார்த்தா, எப்ப எடுத்தான்னு சொல்லிடலாம். லேசா மஞ்சள் தட்டியிருந்தா, அவ போன கையோட எடுத்திருக்கான். கதவுக்குப் பின்னாடியே நின்னிருக்கான்."

நோட்டு ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தாள். மூன்றாவது பத்தியில், 'வீட்டுக்குள் ஒருத்தர் இருக்கிறார்' என்று எழுதினாள்.

கேப்டனும் தரைமட்டமும் அடுத்த தெருவில் ஒரே அறையில் இருந்தார்கள். அப்போதே போய்ச் சொன்னாள். பெட்டி, அம்மா கேட்ட கேள்வி, உள்ளே ஒருவன், சட்டையில் மஞ்சள் தடம், அதற்கு ஒரே ஒரு புது ஷாட். அவள் வாயிலிருந்து அத்தனை வாக்கியங்கள் தொடர்ச்சியாக வந்து அவர்கள் கேட்டதில்லை. கேப்டன் கட்டிலில் எழுந்து நின்றுவிட்டான்.

"நோட்டு! நீ வேணும்னே அப்படி வெச்சியா? எங்ககிட்டகூடச் சொல்லாம?"

ஆமாம் என்று சொல்ல ஒரு தலையசைப்புப் போதும். பேசக்கூட வேண்டியதில்லை. தரைமட்டம் வேறு அவளை ஏதோ பெரிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல," என்றாள். "தப்பு. நான் வெளிய மணி அடிச்சிட்டிருந்தேன், பார்க்கல. நேத்தே தெரியும். உனக்கு நல்லா வந்திருக்குன்னு பொய் சொன்னேன்."

கேப்டன் கட்டிலிலிருந்து இறங்கினான். முகம் இறுகியிருந்தது.

"உங்கம்மா பார்க்கலைன்னா?"

"சொல்லியிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்."



"உன்னை மணி அடிக்க அனுப்பினது இவன்தான்," என்றான் தரைமட்டம், பொதுவாகச் சுவரைப் பார்த்து.

கேப்டன் அவனை முறைத்தான். பிறகு பெருமூச்சு விட்டான். "இனிமே மணி நான் அடிக்கிறேன். நீ உள்ள நில்லு. தப்பு தெரிஞ்சா, தெரிஞ்ச நிமிஷமே சொல்லு. சரி, என்ன வேணும் அந்த ஷாட்டுக்கு?"

"அதே சட்டை வேணும்."

"அது என் சட்டை!"

"தெரியும்."

"எங்கிட்ட இருக்கற ஒரே நல்ல சட்டை அது. எங்க அக்கா கல்யாணத்துக்கு எடுத்தது."

"கதைக்காக உயிரையே குடுப்பேன்னு போன வாரம் சொன்னியே," என்றான் தரைமட்டம். "உயிர் வேணாம். சட்டையைக் குடு."

வியாழக்கிழமை அம்மாவுக்கு வார விடுமுறை. காலையில் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டார்கள். மேலிருந்து எடுக்க வேண்டிய ஷாட் என்பதால், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தரைமட்டம் நாற்காலிமேல் ஏறினான். ஏறியதும் தலை சுற்றுகிறது என்றான்.

முதலில் ஒரு பழைய பருத்தித் தலையணை உறையைக் கிழித்துப் பட்டைகளாக வைத்துக்கொண்டார்கள். அம்மா சூட்டைப் பார்த்து வைத்தாள். நோட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அம்மா பெட்டியை எடுத்தாள். ஐந்து விநாடி: ஒன்றுமில்லை, மடிப்பு மட்டும் போயிருந்தது. பன்னிரண்டு: வைக்கோல் மஞ்சள். இருபது: பழுப்பு. நாற்பது: புகை, கேப்டன் ஓடிப்போய் இன்னொரு ஜன்னலையும் திறந்தான். ஒவ்வொரு பட்டையையும் நோட்டில் ஒட்டிப் பக்கத்தில் விநாடியை எழுதினாள்.

"பன்னிரண்டு," என்றான் கேப்டன். "பக்கத்து அறையிலிருந்து நடந்து வர சரியா இருக்கும்."

சட்டையை விரித்தார்கள். அம்மா பெட்டியைக் கையில் எடுத்தாள். கீழே வைக்கவில்லை.

"என்னம்மா?"

"கை வர மாட்டேங்குதுடி. பதினாறு வருஷமா இது ஆகிடக் கூடாதுன்னு பயந்துக்கிட்டே வேலை பார்த்துட்டு, இப்ப நானே வைன்னா எப்படி?"

"நீங்க ஒண்ணுகூடக் கருக்கினதே இல்லையா ஆன்ட்டி?" என்றான் நாற்காலிமேல் இருந்தவன்.

"ஒண்ணு. ஒரு வெள்ளைச் சட்டை. மடிச்சு எல்லாத்துக்கும் அடியில வெச்சுட்டேன். மூணு நாள் சோறு இறங்கல. நாலாவது நாள் நானே போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சட்டைக்காரர் எப்பவோ ஊருக்குப் போயிட்டாராம். யாருமே தேடல."

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் மட்டும் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வையுங்க ஆன்ட்டி," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா வைத்தாள். நோட்டு எண்ணினாள். பன்னிரண்டு என்றதும் அம்மா பெட்டியை எடுத்த வேகம், யாரோ திட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதுபோல இருந்தது. சட்டையின் முதுகில், படகின் முன்பக்கம்போல ஒரு மஞ்சள் தடம். பக்கத்தில் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தரைமட்டம் எடுத்தான். ஆறு விநாடி. இரண்டு நிமிடத்தின் கடைசியில் அது உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை அவர்களுடையது மூன்றாவது. முதல் குழுவின் காட்சியில் மூன்று கொலை நடந்தது. விளக்கு எரிந்ததும் ஒருத்தி மணி என்ன என்று கேட்டாள். இரண்டாவது குழுவுக்கு ஒரு கேள்வி வந்தது.

அவர்களுடையது ஓடியது. நோட்டு திரையைப் பார்க்கவில்லை. வகுப்பின் பின்தலைகளைப் பார்த்தாள். பெட்டி சட்டைமேல் விழுந்தபோது நாலைந்து தலைகள் அசைந்தன. ஹெல்மெட்டுக்கு ஒன்றும் அசையவில்லை. மஞ்சள் தடம் வந்தது. விளக்கு எரிந்தது.

கேப்டன் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. போன வருடம் பனியனைப் பற்றிக் கேட்டவன்.

"அவன் வெளியதானே நிக்கறான்?" என்றான். மேலும் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பெட்டியை நிமித்தினது யாரு?"

"அவளேதான் நிமித்தி வெச்சிட்டுப் போயிருப்பா," என்றாள் இன்னொருத்தி.

"படுக்கப் போட்டுட்டுத்தான் போனா. சட்டையில தடம் பார்க்கல?"

"அப்ப உள்ள இருக்கானா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. மேடம் தன் தாளில் ஒரு குறி போட்டார். "கேள்வி வந்தாச்சு. யாரோட யோசனை இது?"

கேப்டன் எழுந்தான். "நோட்டு சொல்வா மேடம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் எழுந்தாள். காது இரண்டும் சுட்டன. "தப்பா எடுத்துட்டோம் மேடம். நான்தான் கவனிக்கல. எங்கம்மா சலவைக்கூடத்துல இஸ்திரி போடறாங்க. அவங்கதான் பார்த்துட்டு, உள்ள யாருன்னு கேட்டாங்க."

"அந்த ஆள் எவ்வளவு நேரத்துல பெட்டியை எடுத்தான்?"

"பன்னிரண்டு விநாடி."

"உத்தேசமாவா?"

பதில் சொல்வதற்குப் பதில் நோட்டைத் திறந்து நீட்டினாள். மேடம் கருகிய துணிப் பட்டைகள்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வரிசைக்குக் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைவரை போயிற்று.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா. முழுப் படமும் எடுக்கலாம்."

"நான் கேட்டதையேவா?"

"நீ கேட்டதையேதான்."

அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அதை மறைக்க உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். "யாருன்னு சொல்லிட்டியா?"

"அது இன்னும் எங்களுக்கே தெரியாதும்மா. இனிமேதான் எழுதணும்."

அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சீக்கிரம் எழுதுங்க," என்றாள். "பாவம், அந்தப் பொண்ணு அவனோட தனியா இருக்கா."