கால் நனையாமல் வந்தவள்

கடற்கரை மணலில் கிடைத்த மோதிரத்தின் வயதைச் சரியாகச் சொல்லிவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் அதன் சொந்தக்காரர் கடலிலிருந்து எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்பதால், அந்த நகை பழுதுபார்க்கும் கடை வாசலில் எப்போதும் இரண்டு மிதியடிகள் கிடந்தன. ஒன்று நனைந்தால் இன்னொன்று காயும். கடைக்காரிக்கு இதில் வியப்பு எதுவும் மிச்சமில்லை. முதன்முதலாக வந்தவர் நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு கப்பல் சமையற்காரர். அவர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளங்கையை நீட்டியபோது அவள் கொஞ்சம் பயந்தது உண்மைதான். அதற்குப் பிறகு வந்தவர்களிடம் அவள் கேட்டதெல்லாம், கொஞ்சம் மிதியடிமேல் நின்று பேசுங்கள் என்பது மட்டும்தான். அவர்களும் நின்றார்கள். செத்தவர்கள் பொதுவாகச் சொன்ன பேச்சுக் கேட்பவர்கள். மோதிரத்தை அவள் கையால் கொடுத்தால்தான் வாங்கினார்கள். மேசைமேல் வைத்தால் எடுக்கவில்லை. விரலில் போட்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "அப்பாடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து மணலில் இறங்கிப் போனார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. தரை துடைக்கும் வேலை மட்டும் அவள் தலையில் விழுந்தது.

தெருவில் அவளைக் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். வலது கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கி இடுக்கி, அதைக் கழற்றிய பிறகும் கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் அழியாமல் நின்றுவிட்டது. மோதிரத்தை முதலில் நிறத்துக்காகப் பார்ப்பாள்: செம்பு கலந்த சிவப்பா, வெள்ளி கலந்த வெளுப்பா. பிறகு வளையத்தை எந்த இடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள், எந்த மாதிரி பொடி போட்டுப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று தேடுவாள். கல் வைத்ததென்றால் அதன் முதுகு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்ப்பாள், மூடியிருந்தால் பழசு. கடைசியாக உள்ளங்கைப் பக்கம். மோதிரம் அங்கேதான் தேயும். வாளிப்பிடியும் துடுப்பும் துடைப்பமும் பிடித்த கையை அந்தத் தேய்மானம் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாம் பார்த்து முடித்து, இத்தனை வருஷம் என்று வாய்விட்டுச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி பார்ப்பாள்.

மணலில் உலோகம் காட்டும் மெஷின் வைத்துத் தேடுபவர்களுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. காலையில் கிடைத்த தங்கம் மதியம் கையை விட்டுப் போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கிடைத்ததை வேறு ஊருக்குக் கொண்டுபோய், வயது கேட்காமல் உருக்கிக்கொண்டார்கள். விடாமல் வந்தவன் அவளுடைய கொழுந்தன் ஒருவன்தான். அவன் மெஷின் இரும்பைக் கண்டாலும் கீச்சிடும், பாட்டில் மூடியைக் கண்டாலும் கீச்சிடும் என்பதால் அவன் பெயரே கீச்சான் ஆகிவிட்டது. தண்ணீர் வாரியத்தில் காலை வேலை; மீதி நேரம் மணல். காதில் ஹெட்போனை மாட்டியும் மெஷினைத் தோளில் தொங்கவிட்டும் குனிந்து குனிந்து நடந்து, முதுகு நிமிராத ஆளாகிவிட்டான். அவன் தேடியது ஒரே ஒரு மோதிரத்தை. அவன் அண்ணனுடையதை.

அண்ணன், அதாவது கடைக்காரியின் புருஷன், பயணிகள் படகில் எஞ்சின் மெக்கானிக். ஒருநாள் வேலை முடிந்து, படகின் ஓரமாகக் குனிந்து கைகழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள், கால் வழுக்கியிருக்கும் என்றார்கள். அவளுக்கு மட்டும் வேறொரு கணக்கு இருந்தது. அதற்கு முந்தின வாரம், மோதிரம் இறுக்குகிறது என்று அவர் சொன்னதால் அவள்தான் அதை வெட்டிப் பெரிதாக்கிப் பற்றவைத்தாள். வெயில் கொளுத்தும் மதியத்தில், எஞ்சின் சூட்டில் வீங்கிய விரலுக்கு அளவு எடுத்தாள். அந்தத் தொழிலில் யாரும் செய்யாத காரியம் அது. விரலைக் காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வாடிக்கையாளர் என்றால் நாளைக் காலை வாருங்கள் என்று சொல்லியிருப்பாள். புருஷன்தானே என்று அவசரப்பட்டுவிட்டாள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் கழன்றிருக்கும், அதைப் பிடிக்கத்தான் போயிருப்பார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர் வந்தால் கேட்டுத் தெளியலாம். ஆனால் வந்தால், மோதிரத்தை வாங்கிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவார். கேட்கவும் பயம், அனுப்பவும் மனமில்லை. கொழுந்தன் ஒவ்வொரு தடவை பொட்டலத்தோடு படியேறும்போதும் அவள் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள். பிரித்துப் பார்த்து வேறு யாருடையதோ என்று தெரிந்ததும் ஒரு ஏமாற்றமும் ஒரு நிம்மதியும் சேர்ந்து வரும். இப்படியே வருஷங்கள் போய், இரண்டுமே அலுத்துவிட்டன.

அந்த மோதிரம் கிடைத்த நாளில் அது துருப்பிடித்த ஓர் ஆணியோடு ஒட்டிக்கிடந்தது. கொழுந்தனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் துருவைச் சுரண்டிவிட்டுக் கண்ணாடியை இடுக்கிப் பார்த்தாள். உள்பக்கம், பற்றவைத்த இடத்தில், அவசரத்தில் சரியாக அரம் போடாமல் விட்ட ஒரு சின்ன மேடு. ஊரில் எத்தனை பேர் பற்றவைத்தாலும் தன் கை வேலை தனக்குத் தெரியும்.

"அண்ணனோடதா அண்ணி?"

"இல்லே தம்பி."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். தொண்ணூறு வருஷம் இருக்கும். யாரோ ஒரு தையற்காரரோட பொண்டாட்டி. எலும்பு பெருத்த உடம்பு. வாய் கொஞ்சம் நீளம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் தேவைக்கு மேல் சொல்லிவிடுவார்கள். வாயின் நீளம் மோதிரத்தில் தெரியாது என்று கொழுந்தனுக்குத் தோன்றியதா என்று தெரியவில்லை. அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் மோதிரத்தை இழுப்பறையில் போட்டு மூடினாள். தப்பான வயதுக்கு யாரும் வருவதில்லை என்பதால் மிதியடியைக்கூடச் சரியாகப் போடவில்லை. ஆனால் தப்புக்கும் பொய்க்கும் வித்தியாசம் உண்டு என்பதும், அந்த வித்தியாசம் எங்கோ கவனிக்கப்படுகிறது என்பதும் மதியம் தெரிந்தது. எலும்பு பெருத்த ஒரு பெண்மணி படியேறி வந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தையற்காரர் பொண்டாட்டி வந்திருக்கேன். என் மோதிரத்தைக் கொடு."

கடைக்காரி வாயில் வந்ததைச் சொன்னாள். மெருகு போட வேண்டும், நாளைக்கு வாருங்கள்.

"நாளைக்கு வர்றதுன்னா எங்கேருந்து வர்றது? எனக்கு வீடு எங்கேன்னு நீ சொல்லலையே!"

அப்படித்தான் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறியை வேகமாக வை என்றாள். எதிர்வீட்டு ஜன்னல் திரைச்சீலை கோணலாகத் தைத்திருக்கிறது என்றாள். பேச்சு நிற்கவே இல்லை. வாய் நீளம் என்று சொல்லியிருந்ததால் அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கடைக்காரி சொன்ன நாலு வார்த்தைதான். மீதியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எம்புருஷன் நல்லவரா?"

"நல்லவர்தான்."

"எனக்குக் குழந்தைங்க உண்டா?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"உன்னை விட்டா நான் வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

ஒருநாள் தலைவலி தாங்காமல், ரெண்டு பொண்ணு என்று கடைக்காரி சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால், அந்தப் பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து முகம் வீங்க அழுதுகொண்டிருந்தாள். என் பிள்ளைகள் ரெண்டும் என்ன ஆச்சோ, சாப்பிட்டுச்சோ இல்லையோ என்று விம்மினாள். கடைக்காரி பையைக்கூடக் கீழே வைக்காமல், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, பெரியவளுக்கு நல்ல வேலை, சின்னவள் உன்னை மாதிரியே உடம்பு என்று சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. அன்றிலிருந்து அவளிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் கடைக்காரி யோசிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் மோதிரம் கேட்பது மட்டும் நிற்கவில்லை. வந்து கேட்டவருக்குக் கொடுக்காமல் அவள் இதுவரை இருந்ததில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு மதியம் அந்தப் பெண்மணி பெரிய உள்ளங்கையை நீட்டிக்கொண்டே தூங்கிப்போனாள். கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று கடைக்காரிக்கே தோன்றிவிட்டது. இழுப்பறையைத் திறந்து மோதிரத்தை எடுத்தும் விட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தான். முழங்கால் வலியால் இரண்டு வாரமாக வெளியே இறங்காதவன். படியில் நின்று முதலில் மிதியடிகளைப் பார்த்தான்.

"ரெண்டும் காஞ்சு கெடக்கு அண்ணி."

அவள் மோதிரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள். சத்தத்தில் விழித்த பெண்மணியின் காலையும் அவன் பார்த்தான். செருப்பில் தெருப் புழுதி. பாதத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அம்மா, நீங்க கடல்லேருந்துதானே வந்தீங்க?"

"கடலா? நான் எந்தக் கடலைக் கண்டேன்? இவ அதெல்லாம் ஒண்ணும் சொல்லலையே!"

கொழுந்தன் மெஷினைச் சுவரில் சாய்த்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று கடைக்காரி நினைத்தாள். கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை.

"எனக்கு முடியலே அண்ணி. முழங்கால் ரெண்டும் தேஞ்சுபோச்சு. தூங்கினாக்கூட காதுக்குள்ள கீச்சுகீச்சுங்குது. அதை இவங்க கையில போட்டுட்டா, அப்புறம் அண்ணன் எதைக் கேட்டு வருவான்? அங்கேயே வெறுங்கையோட கெடப்பானா?"

மின்விசிறி சுற்றியது. கடைக்காரி மோதிரத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். பார்க்க அதில் புதிதாக ஒன்றும் இல்லை. கல்யாண வருஷத்தைச் சொன்னாள். வெட்டிப் பற்றவைத்த வருஷத்தைச் சொன்னாள். மொத்தம் இத்தனை வயது என்று, பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பினாள். "இது உன்னுது இல்லேம்மா. உன்னுது இதைவிடக் கெட்டி. உன் பெரிய பொண்ணு போட்டிருக்கா, உன் ஞாபகமா."

"அப்படியா?" என்றாள் அவள். நீட்டியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவ போட்டுக்கட்டும். எனக்கெதுக்கு?"

அவர் மூன்று மணிவாக்கில் வந்தார். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் கால் துடைத்து உள்ளே வராத மனுஷன், மிதியடிமேல் நின்று இரண்டு காலையும் அழுத்தித் துடைத்தார். நகக்கண்ணில் எஞ்சின் எண்ணெய் அப்படியே இருந்தது. தம்பியின் தலையைத் தொட்டார், கிழவனாயிட்டியேடா என்றார். அவளைப் பார்த்தார்.

"நரைச்சுட்டே."

"எங்கிட்டயும் முகம் பாக்குற கண்ணாடி இருக்கு. நீங்க சொல்லித்தான் தெரியணுமா?"

கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள். மோதிரம் கழன்றுதான் போனீர்களா என்று. அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"கழண்டுச்சு. கையை நீட்டினா புடிச்சிடலாம்போலத் தெரிஞ்சுது. தொலைச்சுட்டு வந்தா நீ திட்டுவியே."

"அதுக்குப் போயா? திட்டியிருக்க மாட்டேன்."

"திட்டியிருப்பே."

அவள் தரையைப் பார்த்தாள். மிதியடியைத் தாண்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"திட்டியிருப்பேன்," என்றாள். "ஒரு நாள் முழுக்கத் திட்டியிருப்பேன்."

மோதிரத்தை அவள் கையாலேயே கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டார். எல்லோரையும்போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அப்பாடா சொல்ல வாயெடுத்தார். கடலில் கிடந்த விரல்; ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது; மோதிரம் அதில் தொளதொளவென்று ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த தொழில்காரி எழுந்துவிட்டாள்.

"கழட்டுங்க."

"பரவாயில்லே விடு. இனிமே எங்க விழப்போகுது?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

அளவு வளையங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அவசரப்படவில்லை. அளந்து முடித்ததும், முன்பு தான் பற்றவைத்த அதே மேட்டில் சின்ன ரம்பத்தை வைத்து மோதிரத்தை அறுத்தாள். வாய் பிளந்த வளையத்தை இழுப்பறைக்குள் போட்டாள்.

"வேலை இருக்கு. நாளைக்கு வாங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தொழிலில் நாளைக்கு என்றால் என்னவென்று, பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாதா? நடந்து வர ரொம்ப தூரம் என்று சும்மா ஒரு பேச்சுக்கு முணுமுணுத்துவிட்டு, தெருவைக் கடந்து மணலில் இறங்கினார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். போய்விட்டுத் திரும்பி வந்த முதல் ஆள் அவர்தான்.

கொழுந்தன் மெஷினை விற்றுவிட்டான். மூன்று மணிக்கு டீ வாங்கி வந்து அண்ணனோடு படியில் உட்காருவான். அண்ணன் குடிப்பதில்லை, சூட்டுக்காகக் கையில் வைத்திருப்பார். தையற்காரர் பொண்டாட்டிக்குப் போக இடமில்லாததால் கடையிலேயே இருக்கிறாள். தரை துடைக்கும் வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றிவரச் சொல்லி நேராகத் தைத்தும் கொடுத்தாள். கடைக்காரி வேறு வேலையில் தலை குனிந்திருக்கும் நாட்களில், படியில் ஈரக் கால் சத்தம் கேட்டால் வாசலுக்கு அவள்தான் போகிறாள்.

"அக்காவுக்கு இன்னிக்கும் கை ஒழியலே. நாளைக்கு வாங்க."

இரண்டும் காய நேரமில்லாமல், வாசலில் இப்போது மூன்று மிதியடிகள் கிடக்கின்றன.