முந்தின ஆளின் வேலை

பேச்சிராஜிடம் ஒரு பழைய காரும் ஒரு பெரிய ஆசையும் இருந்தன. கார், சங்கரன்கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு வந்து ஓவர்டைம் பார்த்து வாங்கியது. ஆசையின் பெயர் சுகப்பிரியா. மண்ணூர்க்காரி, கார் பேக்டரி லைனில் அவனுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவளை வாலாஜாபாத் வரை காரில் கூட்டிப்போய், கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட வேண்டும். அவளும் வருகிறேன் என்றுவிட்டாள். ஆனால் சத்தமில்லாத காரில் அதைக் கேட்க அவனுக்குத் தைரியம் கிடையாது. பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கும் என்று நம்பினான். காரோடு வந்த பாட்டு செட்டோ தகர டப்பாவில் அரிசியைப் போட்டுக் குலுக்கியதுபோல் பாடும்.

பெரிய திரை வைத்த புது செட் வாங்கினான். ஸ்பீக்கர்களைக் கடையிலேயே மாட்டவிட்டான். செட்டையும் மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“நா தெனமும் மாட்டுறதே இதத்தாம்ணே!”

பொய்யில்லை. டாஷ்போர்டுக்குள் செட்டைத் தள்ளி ஸ்குரூ முடுக்குவதுதான் அவன் வேலை.

சனிக்கிழமை மதியம் ரூம் வாசலில் காரை நிறுத்தி, பழைய செட்டைக் கழற்றினான். புதியதைத் தள்ளினான், முடுக்கினான், பட்டனை அமுக்கினான். திரை இருட்டு. கழற்றினான், தள்ளினான், முடுக்கினான். அப்போதும் இருட்டு. அழுகையே வந்துவிட்டது பாவம். சுகப்பிரியாவுக்குப் போன் போட்டான்.

“நாளைக்குப் போக முடியாதுங்க. புது செட்டு செத்துப்போச்சு.”

“இன்னாது? பின்னாடி வயர் சொருகினியா?”

“அது முந்தின ஆளு வேலைல்லா…” என்றவன் அப்படியே நிறுத்தினான்.

அந்த முந்தின ஆள் சுகப்பிரியாதான். லைனில் அவள் வயரைச் சொருகிவிடுவாள். அவன் கைக்குத் தள்ளவும் முடுக்கவும் மட்டுமே தெரியும். போனில் அவள் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முன் சீட்டில் உட்கார்ந்து வயரைச் சொருகினாள். அவன் தள்ளினான், முடுக்கினான். திரை ஜம்மென்று எரிந்தது. போனை இணைத்துப் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கரின் பெருமையைக் காட்ட சத்தத்தை முழுக்க ஏற்றினான். அந்த நேரம் பார்த்துத் திரையில் ‘அம்மா’ என்று வந்தது. பதறிப்போய்ச் சிவப்புக்குப் பதில் பச்சையைத் தொட்டுத் தொலைத்தான்.

“எலே பேச்சி! அந்த மண்ணூர்ப் பிள்ளைகிட்ட கேட்டியா இல்லியா? நாளைக்கி நாளைக்கின்னே காலத்த ஓட்டுத! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கலே?”

எதிர் டீக்கடையில் ஒருவர் விடாமல் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சிராஜுக்கு உயிரே போய்விட்டது. ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

சுகப்பிரியா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு திரைப் பக்கம் குனிந்தாள்.

“இன்னும் கேக்கல அத்தை. வெச்சிடாதீங்க, இப்போ கேப்பாரு.”