லேபிள் உரித்த கேன்கள்

வருஷக்கணக்காகப் பழைய பயிர்மருந்துக் கேன் கழுவுகிறவளுக்கு லேபிளைக் கண்டால் கை சும்மா இருக்குமா? உரித்துப் போட்டால்தான் அடுத்த வேலை ஓடும். அன்றைக்கும் முப்பிடாதியம்மாள் இரண்டு கேன்களையும் பளிச்சென்று உரித்துவிட்டு, அப்புறம்தான் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் சொல்லி வைத்து வாங்கிய கேன்கள் அவை. தாராவி வீட்டுத் தகரக் கூரையில் பெயின்ட் டப்பாவில் அவள் வளர்த்த பருத்தி ஆள் உயரம் ஆகி, காய்த்தும் விட்டது. வெடிக்கத்தான் மனசில்லை. புருஷன் பிரம்மநாயகம் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் பிழைத்து வந்தால் தன் கையால் வளர்த்த பஞ்சில் விளக்குத் திரி போடுவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். மனுசன் வந்துவிட்டான். கோயில் கொடைத் திருவிழாவோ இந்த மாசக் கடைசியில்.

பழைய மருந்துக் கேன் ஏற்றி வரும் டிரைவர் தௌஃபீக்தான் விவரம் சொல்லி இரண்டையும் கொடுத்தான். ஒரு மருந்து செடியை வளரவிடாமல் நிறுத்துமாம். இன்னொன்று இலையை உதிர்த்துக் காயை வெடிக்க வைக்குமாம். இப்போது எது எது? அடியில் கிடந்த மிச்சம் இரண்டும் தண்ணீர் மாதிரியே இருந்தது. போனில் கேட்டால், "லேபிள் தேக்கோ, மௌசி" என்று லேபிளைப் பார்க்கச் சொல்லிச் சிரிக்கிறான், படுபாவி.

"கடையில பாக்கெட் திரி விக்குது. சாமியாவது ஒண்ணாவது" என்றான் பிரம்மநாயகம்.

அவள் கையுறை மாட்டிக்கொண்டு, ஓர் இலையில் இந்த மருந்தையும் வேறோர் இலையில் அந்த மருந்தையும் தடவி, காம்பிலும் அந்தந்தக் கேனிலும் சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் கட்டினாள். தினமும் வேலைக்குப் போகுமுன் ஏணியேறி எட்டிப் பார்ப்பாள். சிவப்பு நூல் இலை கரும்பச்சையாக விறைத்து நின்றது. மஞ்சள் நூல் இலை ஒருநாள் காம்போடு கழன்று கீழே கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள் நூல் மருந்தைத் தண்ணீரில் கலந்து செடி முழுக்க அடித்தாள்.

இலையெல்லாம் கொட்டிய அன்று பிரம்மநாயகம் ஏணியிலேயே நின்றுவிட்டான்.

"ஏட்டி, செடி செத்துப்போச்சா?"

குரல் அடங்கியிருந்தது. அவன் செடியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அவளுக்கு விளங்கியது.

"இலைதான் விழுந்திருக்கு. காயைத் தொட்டுப் பாருங்க."

அவன் தொடவில்லை. அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை. மறுநாளிலிருந்து அவளுக்கு முன்னால் அவன்தான் ஏணியேறினான்.

ஒரு காலையில் உள்ளங்கையில் பஞ்சை ஏந்தியபடி இறங்கி வந்தான். தரையில் உட்கார்ந்து, கொட்டையைப் பிரித்துப் பஞ்சை அவளிடம் நீட்டினான். கொட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அது எதுக்கு?"

"அடுத்த வருசத்துக்கு."